சிங்கப்பூரின் கிராஞ்சி சதுப்பு நிலத்தில் நாணலை வெட்டிச் சுத்தம் செய்தால் என்ன?

புதர்போல் மண்டிய நாணலை அகற்றினால் இடம் அழகாகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்! பறவைகளுக்கு அதுதான் வீடு. மஞ்சள் குருகு ஆபத்தை உணர்ந்தால் கழுத்தை நீட்டி, அலகை வானம் பார்க்க நிமிர்த்தி, தண்டோடு தண்டாக நின்றுவிடும். காற்றடித்தால் கூடவே அசையும். வெட்டவெளியில் அது எங்கே ஒளியும்? நீலத் தாழைக்கோழியோ தண்டைக் காலால் பற்றி, கையால் எடுப்பதுபோல அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். கூடு கட்டுவதும் அந்த மறைவில்தான்.

சதுப்பு நிலத்தின் 56.8 ஹெக்டேர் பரப்பு 2016இல் திறக்கப்பட்டது. சின்னத் தீவில் இது பெரிய சொத்து. அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது: மிதக்கும் களைகள் நீரை மூடிவிடும், நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் கூடுகள் மூழ்கும். களையை எடுக்கலாம். நாணலை வெட்டியே ஆக வேண்டுமென்றால், கூடு கட்டும் காலம் முடிந்தபின், கொஞ்சம் கொஞ்சமாக.