கல்யாணத்துக்கு ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாமா? எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது?

கேட்டவர் வட சென்னையில் திருவொற்றியூர்க்காரர். அக்கா கல்யாணத்துக்கு இமை முடி ஒட்டிக்கொள்ள ஆசை, தண்ணீரே படக் கூடாதாமே, எண்ணெய் வைக்கக் கூடாதாமே, நம் பக்கம் யாராவது நன்றாகச் செய்வார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதற்கு ஒருவர் "அந்த ஏரியாவில் ரிஸ்க் எடுக்காதீர்கள், அண்ணா நகர் போங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பியூட்டிஷியன் இல்லை, கண் டாக்டரும் இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினோரு வருடமாக ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ஜாக்கெட்தான் பிழைப்பு. கண்ணும் விரலும் போனால் எனக்குச் சோறு கிடையாது, அதனால் இந்த விஷயத்தில் பட்டதை மறக்கவில்லை. பார்லர் வைத்திருப்பவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு, முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் நேரம் கிடைக்கும். சரியா? தப்பென்றால் மன்னிக்கவும், என் கடைக்கு வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை. எனக்கும் அதே கதைதான். என்ன, எனக்கு அம்மாவுக்குப் பதில் மாமியார்.

நாத்தனார் கல்யாணம் வைகாசியில். ஒரு பார்லரில் ஆஃபர் என்று போட்டிருந்தார்கள், போனேன். படுக்க வைத்துக் கீழ் இமையில் டேப் ஒட்டிக் கண்ணை மூடச் சொன்னார்கள். பிசின் நெடி மூக்கில் ஏறி, மூடிய கண்ணிலிருந்தே தண்ணீர் வழிந்தது. "அப்படித்தாங்க்கா இருக்கும்" என்றாள் அந்தப் பெண். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. சீக்கிரம் விட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி. ஒழுங்காக ஒவ்வொன்றாக ஒட்டினால் முதல் தடவை ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி வரை ஆகும்.

எனக்கு ஒட்டியது கொத்து. நாலைந்து செயற்கை முடியை அடியில் முடிச்சுப் போட்டு ரெடிமேடாக விற்கிறார்கள். அதை என் சொந்த முடி நாலைந்தின் மேல் ஒன்றாக அப்பிவிட்டார்கள். நம் இமை முடி எல்லாம் ஒரே வேகத்தில் வளராது. ஒன்று உதிரும் தறுவாயில் இருக்கும், பக்கத்தில் இருப்பது அப்போதுதான் முளைத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் வளர்கிறது மற்றதைப் பிடித்து இழுக்கும். நெட் துணியில் பெரிய குந்தன் கல்லைத் தைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் கண்ணுக்கு என்று வந்தபோது அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

கிளம்பும்போது "பத்து நாளைக்குக் கண்ணில் தண்ணி படாமப் பாத்துக்கோங்கக்கா" என்றாள். சொன்னபடி செய்தேன். கன்னத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டேன். வைகாசி வேர்வை, ஓமப் புகை, கண் மை, கடையில் ஜரிகைத் தூசி எல்லாம் இமை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தன. ஏழாம் நாள் காலையில் கண் திறக்கவில்லை, பீளையில் ஒட்டிக்கிடந்தது. முடியின் அடியில் பொடுகு மாதிரி மஞ்சள் செதில். அரிப்பு தாங்காமல் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், பாதிக் கடுகு அளவுக்கு ஒரு பிசின் உருண்டை, அதில் என்னுடைய ஐந்து முடி வேரோடு. அதைப் பார்த்துத்தான் அழுதேன், வலிக்காக இல்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தார். சொல்லியிருந்தாலே தேவலை.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1819இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி, இன்றைக்கும் நம் ஜனங்களுக்கு அதுதான் தெய்வம். டாக்டரம்மா விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, "பத்து நாள் பல் தேய்க்காமல் இருப்பீங்களா?" என்று கேட்டார். இமை ஓரத்தில் அழற்சி, பிளெஃபரைட்டிஸ் என்றார். வெந்நீர் ஒத்தடமும் களிம்பும் கொடுத்து, மிச்சத்தை இழுக்காமல் தெரிந்தவரிடம் போய் ரிமூவர் போட்டு எடுக்கச் சொன்னார்.

அப்படித் தேடித்தான் பெரம்பூரில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். மாடி வீட்டில் ஒரே அறை. பெயர் போட மாட்டேன், அப்புறம் விளம்பரம் என்பீர்கள். எடுத்துவிட்டு, "உடனே திரும்பப் போட மாட்டேன்க்கா, ரெண்டு மூணு மாசம் போகட்டும்" என்று அனுப்பிவிட்டாள். வந்த காசை வேண்டாம் என்ற அந்த நிமிடமே அவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நீங்களும் ஆளை இப்படித்தான் எடை போட வேண்டும், ஏசியையும் சோபாவையும் பார்த்து இல்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அவள் வேலையைத் தொழில்காரியாகக் கவனித்தேன். இரண்டு இடுக்கி. ஒன்றால் என் முடி ஒன்றை மட்டும் பிரித்துப் பிடிக்கிறாள், இன்னொன்றால் செயற்கை முடியைப் பிசினில் தொட்டு வைக்கிறாள், இமைத் தோலில் படாமல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தள்ளி. ஒரு முடிக்கு ஒரு முடி, கிளாசிக் என்பார்கள். சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மாட்டியிருந்தாள். அந்தப் பிசின் சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் குடும்பம், காற்றில் இருக்கும் ஈரத்தில்தான் இறுகும். நம் கடற்கரைக் காற்றில் சட்டென்று இறுகிவிடும், அறையைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் வேலை கெடும். அதற்காக யாரும் வீட்டில் ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள், தாயே.

முதலில் டெஸ்ட். ஓரத்தில் இரண்டு மூன்று முடி மட்டும் ஒட்டி இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்தால், வீங்கினால் விட்டுவிடுங்கள். பல தடவை ஒத்துக்கொண்ட பிசினே ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால்தான் முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய் உட்காராதீர்கள் என்கிறேன். டெஸ்டை இரண்டு வாரம் முன்னாலும், ஒட்டுவதை மூன்று நான்கு நாள் முன்னாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிங்க் என்ற விலங்கின் ரோமம், சில்க் என்றெல்லாம் விலை சொல்வார்கள். எனக்கு சில்க் என்றுதான் போட்டாள். உதிர்ந்த ஒன்றை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். நாங்கள் நூலைச் சோதிப்பது அப்படித்தான். பட்டு என்றால் மயிர் பொசுங்கும் வாடை வரும், சாம்பல் நசுங்கும். இது சுருண்டு, உருகி, கறுப்பாகக் கெட்டியாக உருண்டது. பாலியெஸ்டர்! அவளிடம் சொன்னேன், "எல்லாமே செயற்கை இழைதாங்க்கா, பளபளப்புக்குத்தான் அந்தப் பேரு" என்று சிரித்தாள். பேருக்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

கனம் 0.15 மில்லிமீட்டர் போதும். 0.20 மெல்லிய முடிக்குப் பாரம். அடர்த்தி வேண்டுமென்றால் வால்யூம் என்று 0.05, 0.07 இழைகளை விசிறி மாதிரி விரித்து ஒரு முடிக்கு ஒரு விசிறி ஒட்டுவார்கள், அது வேறு, எனக்கு ஒட்டிய கொத்து வேறு. நீளம் உங்கள் முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 2015இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் ஆராய்ந்து, கண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமிருந்தால்தான் இமை முடி தூசியையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும், அதற்கு மேல் நீண்டால் காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

தண்ணீர் விஷயம். முதல் ஒரு நாள் மட்டும் தண்ணீர், ஆவி, அடுப்பு அனல் தள்ளி வையுங்கள். மறுநாளிலிருந்து தினமும் கழுவியே ஆக வேண்டும். எண்ணெய் கலக்காத லாஷ் ஷாம்பு நுரையைக் கண் மூடி மெல்லிய பிரஷ்ஷால் முடியின் அடிவரை தடவி, நல்ல தண்ணீர் விட்டு, துணியால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி, காய்ந்ததும் சீவிவிடுங்கள். ஒழுங்காக ஒட்டியிருந்தால் சீவும் பிரஷ் எங்கேயும் சிக்காது. கர்லர், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா இரண்டும் கூடாது. வீட்டுக் கண் மையில் விளக்கெண்ணெய் உண்டு, அதையும் தள்ளி வையுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதென்றால் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் பிடிப்பைத் தளர்த்தும் என்பார்கள், என் அனுபவத்தில் அதைவிடத் தொல்லை அது அழுக்கைப் பிடித்து வைப்பதுதான். தினம் இரண்டு மூன்று உதிர்ந்தால் பயப்படாதீர்கள், நம் முடி எப்படியும் உதிர்வதுதான், ஒட்டியதையும் கூட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒட்டுவது. கல்யாணத்துக்கு மட்டும் என்றால் ரீஃபில் செய்யாமல் எடுத்துவிடலாம்.

இப்போது அந்த அண்ணா நகர் அண்ணனுக்கு. என் கண்ணைக் கெடுத்த பார்லர் எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பக்கம்தான். அங்கே ரிசப்ஷனில் "வண்ணாரப்பேட்டையிலிருந்தா வர்றீங்க?" என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. சினிமாவில் வட சென்னைக்காரர்கள் எங்கள் கையில் கத்தியை மட்டும் கொடுத்துக் கொடுத்து, எங்களுக்கு இடுக்கி பிடிக்கத் தெரியாது என்றே முடிவுகட்டிவிட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. ஆனால் மெட்ரோ உங்களுக்கு 2017, வண்ணாரப்பேட்டைக்கு 2019, விம்கோ நகருக்கு 2021. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தண்டையார்பேட்டை என்றால் இன்றைக்கும் பாதி கேப் டிரைவர்கள் கேன்சல் செய்கிறார்கள். சரி, கேட்டது இமை முடி, நான் எங்கேயோ போய்விட்டேன்.

இத்தனை பட்டும் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு: வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டு விசேஷத்துக்குப் போடுகிறேன். நாள் முழுக்க அடுத்தவர் ஜாக்கெட்டை அழகாக்குகிறேன், எனக்கு ஆசை இருக்காதா?

திருவொற்றியூர் தங்கச்சி, கல்யாணம் ஆவணியிலா, தையிலா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆவணி என்றால் டெஸ்டுக்கு இந்த வாரமே ஆளைப் பார்த்து வையுங்கள். அப்படியே ஜாக்கெட்டையும் கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் ஒரு ஆரிக்காரிக்கும் கை ஒழியாது.