மூன்று நாள் மலச்சிக்கல், இரண்டு நாள் பேதி: எதற்கு மருந்து எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு வருடமாக மூன்று, நான்கு நாள் மோஷன் போகாமல் வயிறு உப்பிக்கொள்கிறது. கடையில் மலமிளக்கி வாங்கிப் போட்டால் இரண்டு நாள் பேதியாகிறது. அதை நிறுத்த இன்னொரு மாத்திரை. அப்புறம் மறுபடி சிக்கல். மலம் கழித்ததும் வயிற்றுவலி குறைகிறது. சாப்பிட்ட உடனே கழிவறைக்கு ஓட வேண்டியிருப்பதால், உணவு செரிக்காமலே வெளியேறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பது மலச்சிக்கலா, வயிற்றுப்போக்கா?

பதில்: அந்தப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இப்போது சாப்பிட்டது இப்போதே வெளியே வருவதில்லை. உண்ட உணவு மலமாக வெளியேற பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. உங்களுக்கு அது சற்று வேகமாக நடக்கிறது. வெளியே வருவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டதுதான்.

சரி, சிக்கலா, போக்கா? இரண்டும் ஒரே பெருங்குடலின் வேலை. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய், கூழாக வந்து சேரும் கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே அதை முன்னே தள்ளுகிறது. மெதுவாகத் தள்ளினால் ஈரம் வற்றி மலம் உருண்டை உருண்டையாக இறுகும். வேகமாகத் தள்ளினால் உறிஞ்ச நேரம் இல்லாமல் தண்ணீராகப் போகும். உங்கள் குடலின் வேகம் ஒரு நிலையில் இல்லை. அதை மாத்திரைகள் இன்னும் அலைக்கழிக்கின்றன.

என்னிடம் வருபவர்களில் பலர் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைப்பார்கள். ஒன்று போக வைக்க, ஒன்று நிறுத்த. இரண்டிலும் பாதி மாத்திரைகள் தீர்ந்திருக்கும். குடலைத் தூண்டும் மலமிளக்கி அன்றைக்குப் போக வேண்டியதை மட்டும் வெளியேற்றுவதில்லை, பெருங்குடலின் பெரும்பகுதியையே காலி செய்துவிடலாம். அது மறுபடி நிரம்ப இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். அந்த நாட்களில் மோஷன் வராதது சிக்கல் இல்லை, உள்ளே போக ஒன்றும் இல்லை. அதைச் சிக்கல் என்று எண்ணித்தான் அடுத்த மாத்திரையைப் போடுகிறோம். தினமும் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இறுகிய மலம் கீழே அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாக நீர் மட்டும் கசிந்து பேதி போலத் தோன்றலாம். வயதானவர்களிடம் இது அதிகம். அவர்கள் நிறுத்தும் மாத்திரை போட்டால் அடைப்பு இன்னும் இறுகிவிடும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாரத்தில் ஒரு நாளாவது வலி, மலம் கழிப்பதோடு அதற்குத் தொடர்பு, மலத்தின் தன்மையில் மாற்றம் என்று மூன்று மாதமாக இருந்து, தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால் அப்படிச் சொல்கிறோம். ஸ்கேன் குடலின் அமைப்பைத்தான் காட்டும், அதன் அசைவையும் நரம்புகளின் கூருணர்வையும் காட்டாது. ஆகவே ‘ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உங்கள் வலி உண்மையானது. காய்ச்சலோடு வந்த ஒரு பேதிக்குப் பிறகு இது தொடங்கியதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சிலருக்குத் தொற்று போனபிறகும் குடல் அமைதியடைவதில்லை.

அந்த முடிவுக்கு வருமுன் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள் சிக்கலைத் தரும். சர்க்கரைக்கான மெட்பார்மின் பேதியைத் தரலாம். பால் ஒத்துக்கொள்ளாததும், தைராய்டு கோளாறும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சி உள்ளதா என்று காட்டும் மலப் பரிசோதனையும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், தார் போன்ற கருப்பு மலம், காரணமின்றி எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தை மூலம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். உப்பிய வயிற்றோடு வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் கடையில் வாங்கிய இரண்டு மாத்திரைகளையும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதில் இசப்கோல் உமியைச் சிறு அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு எடுத்து, மெல்லக் கூட்டுங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இறுகிய மலத்தை இளக்கும், தண்ணீராகப் போவதைக் கெட்டியாக்கும். எடுத்த எடுப்பில் அதிகம் போட்டால் உப்புசம் கூடும். காலை உணவுக்குப் பின் குடல் அசையும் நேரத்தில், பாதத்துக்கடியில் சிறு முக்காலி வைத்து உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் வழி நேராகும். பத்து நிமிடத்துக்குமேல் முக்க வேண்டாம்.

இந்த இரண்டு வாரமும் ஒரு தாளில் தேதி, மலம் உருண்டையா, வழுவழுப்பா, தண்ணீரா, வலி எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும், இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.