கிரகணம் முடிந்த அன்றே விமானம் ஏறலாமா?

கேள்வி: 2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முழு சூரிய கிரகணம் பார்க்க, 72 வயது அப்பாவோடு நாங்கள் நான்கு பேர் ஸ்பெயினின் தாரிஃபாவுக்குப் போகிறோம். ஜூலை 25-இல் ஸ்பெயினில் இறங்குவோம். கிரகணம் காலையிலேயே முடிந்துவிடுவதால் அன்று மாலை 4 மணிக்கு மாலகாவிலிருந்து மாட்ரிட், இரவில் அங்கிருந்து தோஹா வழியாகச் சென்னை என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போடச் சொல்கிறார் ஏஜென்ட். ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம் என்கிறார். சரிதானா? — வாசகர், கோவை

பதில்: வேண்டாம். டிக்கெட் போடாமல் கேட்டீர்களே, நல்லது.

தாரிஃபாவில் காலை 10.45 வாக்கில் சூரியன் முழுதாக மறையும். நாலரை நிமிடத்துக்குமேல் இருட்டு. பிறகு நிழல் விலகி முடிய நண்பகல் ஆகும். மாலகா விமான நிலையம் அங்கிருந்து ஏறக்குறைய 155 கி.மீ. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். ஏஜென்ட் கணக்குப் போட்டது இந்தச் சாதாரண நாளை வைத்துத்தான்.

கிரகணத்துக்கு வருபவர்கள் நான்கைந்து நாளில் பிரிந்து பிரிந்து வந்து சேர்வார்கள். கிளம்புவது மட்டும் ஒரே மணி நேரத்தில். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. நம் மதராஸ் துணியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். 2017 ஆகஸ்ட் 21 காலை பத்தேகால் மணிக்குமேல் அங்கே முழு கிரகணம். சுமார் ஏழாயிரம் பேர் வாழும் ஊருக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்ப, அன்று முழுவதும் கார்கள் ஊர்ந்தன. அந்தக் கிரகணத்தை ஒட்டிய மூன்று நாட்களில் அமெரிக்கச் சாலைகளில் உயிர்ப்பலி விபத்துகள் வழக்கத்தைவிட 31 சதவீதம் கூடியிருந்தன என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. விமானத்தைப் பிடிக்கும் பதற்றத்தில் அப்பாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஓட்டப்போவது நீங்கள்.

தாரிஃபா இன்னும் மோசம். ரயில் கிடையாது. பக்கத்துத் துறைமுக நகரமான அல்ஹெசிராஸ் வரையிலான மலைச்சாலை பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். கோடையில் ஐரோப்பாவிலிருந்து சொந்த ஊருக்குப் போகும் மொராக்கோ குடும்பங்கள், கார் கூரைமேல் சாமான் கட்டி, இந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்குத்தான் வருவார்கள். ஒரு பருவத்தில் போகவும் வரவுமாக முப்பது லட்சம் பேருக்குமேல் ஸ்பெயின் துறைமுகங்கள் வழியாகக் கடல் கடக்கிறார்கள். எதிரே அவர்கள் வந்துகொண்டிருந்தால் முந்திச்செல்ல இடைவெளி கிடைக்காது. போதாததற்கு ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி ஸ்பெயின்காரர்களே விடுமுறைக்குக் கிளம்புவார்கள்.

இனி டிக்கெட். இரண்டு தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தவறினாலும் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே இல்லை. நான்கு பேருக்கும் அன்றைய விலையில் புதிதாக வாங்க வேண்டும். ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். "இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. போக்குவரத்து நெரிசலில் சிக்கி விமானம் தவறினால் அதைக் காட்டிப் பயனில்லை.

தனி டிக்கெட்டில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாலகா விமானம் தவறினால், இடம் கிடைக்கும் பட்சத்தில் அங்கிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் மாட்ரிட் போய் இரவு விமானத்தைப் பிடிக்கலாம். மாலகா முதல் சென்னை வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால் அப்படிச் செய்யக்கூடாது. முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் ரத்தாகிவிடும். ரயிலில் மூச்சிரைக்க வந்து கவுன்ட்டரில் நின்றாலும் பெயர் இருக்காது. ஆனால் ஒரே டிக்கெட்டில், நீங்கள் நேரத்துக்கு வந்தும் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் கொடுப்பது கம்பெனியின் கடமை. ஆகவே ஒரே டிக்கெட், ஆனால் 4-ஆம் தேதி. அதுதான் என் யோசனை.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும். எந்தத் தேதிவரை செல்லும் என்பது ஒன்று, மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. ஏஜென்ட்கள் முதலாவதைக் காட்டி "இன்னும் பத்து நாள் இருக்கே" என்பார்கள். உங்களைக் கட்டுவது நாள் எண்ணிக்கை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 2 வரை ஒன்பது நாள். மாட்ரிட்டில் குடியேற்றச் சோதனையைத் தாண்டும்போது நள்ளிரவு கடந்துவிட்டால் பத்து. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு நாள்கூடக் கூட்டிக் கொடுக்க மனமில்லாமல் ஒன்பது என்று எழுதிவிடும் தூதரகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. 4-ஆம் தேதி திரும்புவதாகப் பயணத் திட்டம் கொடுங்கள், பதினொரு நாள் கேளுங்கள்.

2-ஆம் தேதி இரவு தாரிஃபாவிலேயே தங்குங்கள். அறையை இப்போதே, ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் விதத்தில், நீங்களே உங்கள் பெயரில் பதியுங்கள். 3-ஆம் தேதி காலை அப்பாவுக்கு டிபன் கொடுத்துவிட்டு நிதானமாக மாலகாவுக்குக் கிளம்பினால் போதும்.