உளவாளிப் படங்களில் நாயகர்கள் துப்பாக்கியைக் கையாளும் விதத்தில் உங்களுக்கு மிகவும் அபத்தமாகப் படுவது எது?

குறி தவறாமல் சுடுவதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். நாயகன் என்றால் அந்தச் சலுகை உண்டு. எனக்குப் பொறுக்காதது, ட்ரிகரின் மேலேயே எந்நேரமும் கிடக்கும் அந்த ஆள்காட்டி விரல்தான்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, .22 ரைபிளில் ஐந்தே ஐந்து தோட்டாக்கள் சுடுவதற்காக நாள்கணக்கில் வெயிலில் குப்புறப் படுத்து வெற்றுத் துப்பாக்கியோடு பயிற்சி எடுத்தோம். தோட்டாதான் இல்லையே என்று நான் விரலை உள்ளே வைத்திருந்ததைப் பார்த்த ஹவில்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்து, என் விரலைப் பிடித்து வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்துவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதன் பிறகு, சுவரோரம் பதுங்கும் நாயகன் துப்பாக்கியைக் கன்னத்தருகே உயர்த்தி, ட்ரிகரில் விரலோடு நிற்கும்போதெல்லாம், எனக்குக் கவலை வில்லனைப் பற்றியல்ல. நாயகனுடைய காதைப் பற்றித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வகைப் படங்களின் முன்னோடியே துப்பாக்கி ஞானத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டதுதான். 1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் உளவாளி ஜேம்ஸ் பாண்டின் பெரெட்டா பிஸ்டலைப் பிடுங்கிக்கொண்டு, 7.65 மி.மீ. வால்தர் பிபிகே ஒன்றைத் தருகிறார்கள். அதே படத்தில் பின்னர் பாண்ட், தன்னைக் கொல்ல வந்தவரிடம், அவர் கையிலிருப்பது ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத் துப்பாக்கி என்றும் அவருடைய ஆறு தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன என்றும் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். ஆனால் எதிரியின் கையில் இருப்பதோ கோல்ட் 1911 வகைப் பிஸ்டல்; தோட்டாக்களை அடுக்கிவைக்கும் அதன் மேகஸினில் மட்டும் ஏழு தோட்டாக்கள், குழாயின் பின்முனையில் சுடத் தயாராக முன்பே ஒன்று இருந்தால் எட்டு. நிஜத்தில் அந்த வசனத்தோடு பாண்டின் கதை முடிந்திருக்கும். மேலும், இத்தகைய பிஸ்டலில் கடைசித் தோட்டா வெளியேறியதும் மேலேயுள்ள ஸ்லைடு பின்னால் போய் அப்படியே நின்றுவிடும் என்பதால், பார்த்தாலே தெரியும் விஷயத்துக்கு விரல் விட்டு எண்ண வேண்டியதே இல்லை.

சத்தத்தை அடக்கவென்று துப்பாக்கி முனையில் மாட்டும் சைலன்சர் இன்னொரு பெரும் புளுகு. பிஸ்டல் வெடிக்கும் ஓசை ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் முப்பதைக் குறைத்தாலும் மிச்சம் காதைப் பிளக்கும். தோட்டா ஒலியைவிட வேகமாகப் பாய்ந்தால் அது காற்றைக் கிழிக்கும் சத்தம் தனி. படத்திலோ, பக்கத்து மேசையில் சூப் குடிப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. சிலர் ரிவால்வரிலேயே சைலன்சரை மாட்டிவிடுகிறார்கள். அதில் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகவே வாயுவும் சத்தமும் தப்பிவிடும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

இத்தனைக்கும், 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' என்ற பாண்ட் படத்தின் விளம்பரத்துக்காக, பாண்டாக நடித்த ஷான் கானரி நீண்ட குழாயுள்ள துப்பாக்கியை மார்போடு அணைத்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் இருப்பது பிபிகே அல்ல. புகைப்படம் எடுக்கும் இடத்துக்கு அதை எடுத்துவர மறந்ததால், புகைப்படக்காரர் தம்முடைய வால்தர் ஏர் பிஸ்டலைக் கொடுத்திருக்கிறார். பொருட்காட்சியில் பலூன் சுடத் தருகிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.