பாப்டிஸ்ட் சபை ஆராதனைக்கு முதன்முறை செல்பவர் எதை எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் அலுவலக நண்பர் தம் பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்திருப்பதாகவும், அவர்களுடைய நம்பிக்கை என்ன, அங்கே எப்படி நடந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தலைமையில் கூடிய ஆங்கிலேயரிடம் தொடங்கும் இந்தப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ மரபின் மையக் கருத்து, விசுவாசத்தைத் தானே அறிக்கையிடக் கூடியவருக்கே ஞானஸ்நானம் (நீரால் செய்யப்படும் கிறிஸ்தவச் சடங்கு) என்பதாகும். ஆகவே கைக்குழந்தைகளுக்கு அது கிடையாது, தலையில் தெளிப்பதும் இல்லை, இன்று முழுக்குதான் வழக்கம். பிரசங்க மேடைக்குப் பின்னால், திரைக்கு அப்பால், இடுப்பளவு நீர் கொள்ளும் தொட்டி ஒன்றைப் பல ஆலயங்களில் காணலாம். போதகருக்கு மேல் பேராயர் என்று பொதுவாக எவரும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிந்தெடுப்பதால், ஒரு சபையில் கண்டது அடுத்த தெருச் சபையிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆராதனை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதில் பெரும்பங்கு பிரசங்கத்துக்கே. திருவிருந்து (இயேசுவின் கடைசி இரவு உணவை நினைவுகூரும் சடங்கு) நாளாக இருந்தால், சுண்டுவிரல் உயரக் கிண்ணங்களில் திராட்சைச் சாறு, பெரும்பாலும் மது அல்ல, தட்டில் வரும். அது விசுவாசிகளுக்கானது என்பதால் தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். காணிக்கைத் தட்டையும் அப்படியே செய்யலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். இறுதிப் பாடலின்போது முன்னால் வரும்படி போதகர் அழைப்பது, கிறிஸ்துவை ஏற்கவோ சபையில் சேரவோ முடிவெடுத்தவர்களைத்தான். விருந்தினர் இருந்த இடத்திலேயே நிற்கலாம். நம் ஊர் வழக்கத்தில் காலணியை வாசலில் கழற்றிவிடாதீர்கள்.