வெயிலுக்கு ஒரு பச்சை வாசனை: கேளுங்க, சொல்றேன்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல சென்ட் பத்திதான். அதுலயும் ஆம்பளைங்க வெயில் காலத்துல போட்டுக்கற அந்த ஃப்ரெஷ்ஷான பச்சை வாசனை வகைய பத்திதான் ஆளாளுக்கு கேட்டிருக்கீங்க. மத்த கேள்விய அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கே: பாட்டில்ல "கிரீன் அரோமாட்டிக்"னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன, லெமன் வாசனையா?

ப: லெமன் இல்லைங்க. லெமன், பெர்கமாட் மாதிரி எலுமிச்சை வகை எல்லாம் முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் வந்து தலைய காட்டிட்டு போயிடும், அதுக்கு அப்புறம் உள்ள இருக்கறதுதான் இந்த வகையோட சரக்கே.

"கிரீன்"னா இலைய கசக்கின வாசனை, காம்ப ஒடிச்சா வர்ற பால் வாசனை, புல்லு வெட்டின இடத்துல வர்ற வாசனை. புல் வாசனைக்கு சிஸ்-3-ஹெக்ஸெனால்னு ஒரு பொருள் உண்டு, இலை அடிபட்டதும் செடி வெளிய விடற ஐட்டங்கள்ல அதுவும் ஒண்ணு, பெர்ஃப்யூம்ல துளியூண்டு போட்டாலே பளிச்னு தெரியும். இன்னொண்ணு கல்பானம். ஈரான் பக்கம் விளையற ஒரு ஃபெருலா செடியோட பிசின் அது, பெருங்காயம் தர்ற செடியும் அதே இனம்தான். ஆனா வாசனை வேற, குடைமிளகாய நடுவுல அறுத்து அப்படியே மூக்குகிட்ட வெச்சு பாருங்க, கல்பானத்தோட முதல் வாசனை கிட்டத்தட்ட அதேதான், ஏன்னா ரெண்டுலயும் பைரசின்ங்கற ஒரே வாசனை பொருள் இருக்கு. கூடவே கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மண்ணு. முதல் தடவ மோந்து பாக்கறவங்க பாதிப்பேர் மூஞ்சிய சுளிப்பாங்க. நமக்கு அந்த கசப்புதான் வேணும், அதான் வெயில்ல மூக்குக்கு இதமா இருக்கும்.

"அரோமாட்டிக்"னா லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், திருநீற்றுப்பச்சிலை குடும்பத்து பேசில், இந்த மாதிரி மூலிகைங்க. 1882ல ஊபிகான் கம்பெனிக்காக பால் பார்க்கே பண்ணின ஃபூஜேர் ரோயால்ங்கற சென்ட்ல இருந்து லாவெண்டர், ஓக்மாஸ் (ஓக் மரத்துல படர்ற பாசி மாதிரி ஒண்ணு), கூமரின் (காஞ்ச வைக்கோல் வாசனை பொருள்) மூணையும் சேத்து பண்றது ஆம்பளைங்க சென்ட்டுக்கு ஒரு ஃபார்முலாவாவே ஆயிடுச்சு. இன்னிக்கும் ஷேவிங் கிரீம் வாசனைன்னு நாம சொல்றது பெரும்பாலும் அதோட பேரன் பேத்திங்கதான்.

கே: நான் போடற வெனிலா, ஊத் டைப் சென்ட் குளிர்ல சூப்பரா இருக்கு, வெயில்ல போட்டா எனக்கே தலைவலி. ஏன்?

ப: சூடு ஏற ஏற எல்லாமே வேகமா ஆவியாகும், அவ்ளோதான் சமாச்சாரம். குளிர்ல மெதுவா கசியற அதே இனிப்பு சரக்கு, தோல் சூடா வேர்வையோட இருக்கும்போது மொத்தமா கிளம்பி வந்து மூக்குல ஏறுது. ரொம்ப பிடிச்சதுன்னா தூக்கி போட வேணாம், ஒரே ஒரு ஸ்ப்ரே, சட்டைக்கு உள்ள. இல்லன்னா ராத்திரிக்கு வெச்சுக்கோங்க.

கே: நல்ல கம்பெனி கிரீன் சென்ட்தான் வாங்கினேன், ஒரு மணி நேரத்துல வாசனையே இல்ல. ஏமாத்திட்டாங்களா? எட்டு மணி நேரம் நிக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க சார்.

ப: இந்த ஒரு கேள்வியவே விதவிதமா நிறைய பேர் அனுப்பிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஃப்ரெஷ்ஷுன்னு உங்க மூக்குக்கு தோணறதுக்கு காரணமே அந்த பொருளுங்க லேசா இருக்கறதுதான். எலுமிச்சை வகை தோல்ல இருக்கற லிமோனின், லாவெண்டர்ல இருக்கற லினலூல் எல்லாம் சின்ன மூலக்கூறு, சட்டுனு பறக்கும், பறக்கறதாலதான் மூக்குக்கு பளிச்னு எட்டுது. பறக்கவும் வேணும் நிக்கவும் வேணும்னா எப்படிங்க? நிக்கற சரக்கு எதுன்னா வெட்டிவேர், பச்சோலி, மஸ்க், ஓக்மாஸ் மாதிரி கனமானதுங்க, அத அடியில போட்டு மேல பச்சைய கட்டி நிறுத்தறதுதான் செய்யறவனோட திறமை. 1959ல வந்த கெர்லான் வெட்டிவேர் இதுக்கு நல்ல உதாரணம், மேல சிட்ரஸ் போனாலும் அடில வேர் வாசனை சாயங்காலம் வரைக்கும் மெல்லிசா இருக்கும். 1966ல எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா டியோருக்கு பண்ணின ஓ சோவாஜ்ல வேற ஒரு வழி, ஹெடியோன்னு மல்லிகை சாயல்ல ஒரு பொருள் இருக்கு, அது தனியா பெருசா மணக்காது, ஆனா சுத்தி இருக்கற லெமன், மூலிகை எல்லாத்துக்கும் நடுவுல காத்தோட்டம் விட்ட மாதிரி ஆக்கிடும். அறுபது வருஷமா கம்பெனிங்க விடாம காப்பி அடிச்சிட்டு இருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

இன்னொரு விஷயம், வாசனை போகாமலே போயிட்டதா நினைக்கறவங்கதான் அதிகம். மூக்கு ஒரே வாசனைய கொஞ்ச நேரத்துல கண்டுக்காம விட்டுடும். ஐசோ ஈ சூப்பர்ங்கற மர வாசனை கெமிக்கல், சில மஸ்க் வகையெல்லாம் சில பேர் மூக்குக்கு ஆரம்பத்துலேந்தே சரியா எட்டாது. அதனால கூட இருக்கறவங்கள கேட்டுட்டு அப்புறமா கம்பெனிய திட்டுங்க.

நிக்கலைன்னு சொல்லி அதே பேர்ல ஓ டி பர்ஃபம் (வாசனை சரக்கு கூடுதலா கலந்த வகை) வாங்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிச்சல். அது அதே சென்ட் கொஞ்சம் ஸ்ட்ராங்கா வர்றதுன்னு நினைச்சுக்கறாங்க, நிறைய கம்பெனி அதுல ஃபார்முலாவையே மாத்தி அடில இனிப்பையும் ஆம்பர்ங்கற கதகதப்பான பிசின் வாசனையையும் ஏத்தி விட்டுருக்கும், பச்சை வாசனை தேடி போய் மறுபடி வெனிலாகிட்டயே வந்து நிப்பீங்க. சரக்கு கம்மியா கலந்த ஓ டி டாய்லெட்டே போதும், சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி பைல வெச்சுக்கிட்டு மத்தியானம் ஒரு தடவ அடிச்சுக்கோங்க. மூணு நாலு மணி நேரம் நல்லா நின்னா வெயிலுக்கு அதுவே தாராளம்.

கே: கடைல இருக்கற நீல பாட்டில் சென்ட் எல்லாம் ஒரே மாதிரி சோப்புத்தூள் வாசனை அடிக்குதே?

ப: உங்க மூக்கு சரியாதான் வேலை செய்யுது. டைஹைட்ரோமிர்செனால்னு ஒரு பொருள், லைம் மாதிரி, லாவெண்டர் மாதிரி, கொஞ்சம் இரும்பு வாடையோட இருக்கும், துணி சோப்புலயும் தாராளமா போடுவாங்க. 1982ல டிராக்கர் நுவார், அப்புறம் 1988ல பியர் பூர்டான் பண்ணின கூல் வாட்டர், இதுங்க ஓடின ஓட்டத்துல எல்லாரும் அத அள்ளி கொட்ட ஆரம்பிச்சாங்க. கூல் வாட்டர் நல்ல சென்ட்தான், அத பாத்து பண்ணினதுங்கதான் சலிப்பு. நிஜமான பச்சை வேணும்னா சென்ட்டோட வாசனை குறிப்புல கல்பானம், வயலட் இலை, அத்தி இலை, வெட்டிவேர் இருக்கான்னு பாருங்க. வயலட் இலைன்னா பூ வாசனை இல்ல, வெள்ளரிக்காய நறுக்கின ஈர வாசனை, 1985ல வந்த கிரீன் ஐரிஷ் ட்வீட்ங்கற சென்ட்ல நல்லாவே தெரியும்.

கே: கடைல பேப்பர் ஸ்ட்ரிப்ல மோந்து பாத்து வாங்கலாமா?

ப: வேணாம்னு சொல்றத்துக்கு பேப்பர் போதும், வாங்கறதுக்கு தோல்ல அடிச்சாகணும். ஒரு கைக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேணாம். அடிச்ச உடனே மூக்க வெக்காதீங்க, ஆல்கஹால் நெடிதான் வரும். ஏசிக்குள்ள நின்னு முடிவு பண்ணாம வெளிய வந்து வெயில்ல நடங்க, முக்கா மணி நேரம் கழிச்சு மணிக்கட்ட மோந்து பாருங்க. முதல்ல வந்த லெமன் போயிருக்கும், இப்ப இருக்கறதுதான் நீங்க காசு குடுக்கற வாசனை. அதுல பிளாஸ்டிக் மாதிரி, இல்ல மருந்து மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா வாங்க கடைக்கு திரும்பி போகாதீங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா தோல் சூடாகி மேல் வாசனை சீக்கிரம் பறக்கும். மத்தபடி மூலக்கூறு "உடைஞ்சு போகும்"னு சொல்றதெல்லாம் சும்மா.

கே: வேர்வை நாத்தத்துக்கு இத அடிச்சா சரியாகுமா?

ப: ஆகாது. வேர்வையும் சென்ட்டும் சேந்து மூணாவதா ஒண்ணு வரும், அது ரெண்டையும் விட மோசம். குளிச்சுட்டு அக்குளுக்கு வாசனை இல்லாத டியோ, சென்ட் கழுத்துக்கும் நெஞ்சுக்கும்.

கே: ஷேவ் பண்ணின கையோட கன்னத்துல அடிச்சுக்கறேன், எரியுது. தப்பா? எசென்ஷியல் ஆயில் வாங்கி நானே கலக்கலாமா?

ப: எரிச்சல் ஆல்கஹாலால. அரை மணி நேரம் விட்டு கழுத்துக்கு கீழ அடிங்க.

நீங்களே கலக்கறதுலதான் எனக்கு பயம். பெர்கமாட், லைம் மாதிரி தோல பிழிஞ்சு எடுக்கற எண்ணெய்ல பெர்காப்டென்னு ஒரு பொருள் இருக்கும், அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா தீப்புண் மாதிரி சிவந்து கறுப்பு தட்டும், தழும்பு மாசக்கணக்கா நிக்கும். நல்ல கம்பெனிங்க பெர்காப்டென் எடுத்த எண்ணெய் போடுவாங்க, இல்ல அளவ கட்டுப்படுத்துவாங்க. வெயிலுக்குன்னே கலந்து வெயில்லயே போட்டுக்கிட்டு போறது வம்ப விலைக்கு வாங்கறது.

கே: பாத்ரூம் அலமாரில வெக்கலாமா? கார்ல?

ப: ரெண்டும் கூடாது. சூடும் வெளிச்சமும் பட்டா முதல்ல கெடறது சிட்ரஸும் பச்சையும்தான். அட்டைப்பெட்டிக்குள்ளயே பீரோல வெச்சிடுங்க.

கே: வீட்டுக்காரரோட கிரீன் சென்ட் எனக்குத்தான் ரொம்ப பிடிச்சிருக்கு. பொம்பளைங்க போடலாமா?

ப: தாராளமா போடுங்கம்மா. கல்பானத்த அள்ளி போட்டு முதல்ல பேர் வாங்கினதே பொம்பளைங்களுக்குன்னு வந்த சென்ட்தான், 1947ல ஜெர்மேன் செல்லியேன்னு ஒரு அம்மா பால்மேனுக்கு பண்ணின வான் வேர். 1971ல வந்த ஷனேல் நம்பர் 19லயும் அதே கல்பானம்தான். அவர வேற பாட்டில் வாங்கிக்க சொல்லுங்க.