உட்கார்ந்தால் பிட்டத்தில் வலி: பர்ஸை முதலில் எடுங்கள்

இருபது நிமிஷம் உட்கார்ந்தாலே வலது பிட்டத்தில் குத்துகிறது, கெண்டைக்கால் வரை இழுக்கிறது, நடந்தால் குறைகிறது, முதுகு எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்கிறீர்களா? அப்படியானால் பிரிஃபார்மிஸ் தசையைச் சந்தேகிக்கலாம். பிட்டத்தின் ஆழத்தில், முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பிலிருந்து (சேக்ரம்) தொடையெலும்பின் மேல்முனைக்குப் போகும் சின்னத் தசை அது. கீழ்முதுகிலிருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பெரும்பாலோருக்கு அதற்கு அடியில்தான் இறங்குகிறது. தசை இறுகினால் நரம்பு நசுங்கும்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கும் பழக்கம் உண்டா? இன்றோடு விடுங்கள். எனக்குப் பாதி வலி அதிலேயே போனது.

மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முட்டிக்குச் சற்று மேலே வைத்து, இடது தொடையை மார்புப் பக்கம் மெல்ல இழுங்கள். 30 விநாடி, மூன்று தடவை. பிட்டத்தில் இழுப்பு தெரியணும். காலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்தால் அளவு மீறிவிட்டீர்கள், தளர்த்துங்கள். நீட்டினால் மட்டும் போதாது, இடுப்புத் தசைக்கு வலுவும் ஏறணும். அதை பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

வலி காலிலிருந்து மேலே சுருங்கி வந்தால் நல்லது. கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்து சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, பயிற்சியெல்லாம் அப்புறம். அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.